கயிறு பிடித்த பெண்ணைப் படித்தவர்கள்

என் கதாநாயகிகள் எல்லோரும் தைரியசாலிகள். அடி விழுவது என்னவோ எனக்குத்தான். புயல் மழையில் சைக்கிள் மிதித்துப் போகிறவளை எழுதினேன். அதைப் படித்த ஒரு பிள்ளை மழையில் நனைந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள்; அவள் அம்மா போன் போட்டு என்னைக் கிழித்துவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்றவளை எழுதினேன். மில்லர்புரத்தில் எங்கள் தெருமுனைக் கடை அண்ணாச்சி, "எம் மவளுக்கு இனிமே ஒங்க பொஸ்தகம் வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இதையெல்லாம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சங்கு குளிப்பவரின் மகளைப் பற்றிய நாவலும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். நான் தாமிரபரணி வயற்காட்டில் பிறந்தவள், கடலில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் ஒரு வழக்கம் கேள்விப்பட்டிருந்தேன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே, கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவள் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்ற கணக்கு. என் நாவலில் அந்த மாமன் கண்ணயர்ந்துவிடுவான். வள்ளத்தில் ஒளிந்து வந்த மகள் கயிற்றைப் பிடித்து அப்பாவை மேலே இழுத்துவிடுவாள். பிள்ளைகள் அவளைக் கொண்டாடினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, கடற்கரைத் தெருவிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். கூட வந்தவள் அவருடைய அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு. அவளை பைக் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் உள்ளே வந்தார். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. புத்தகம் எழுதினால் இந்த ஊரில் டீச்சர்தான்.

"டீச்சர், இவ அப்பா சங்கு குளிக்கப் போன எடத்துல தவறிட்டாரு. கயிறு புடிச்சது நாந்தான். ஒங்க பொஸ்தகத்த இவளுக்கு வாங்கிக் குடுத்ததும் நாந்தான், அதுக்கு முந்தியே. இப்ப எங்கூடப் பேசமாட்டேங்கா. நான் வீட்டுக்குள்ள நொழஞ்சா, அந்தப் பிள்ள அப்பாவ இழுக்கித பக்கத்த மட்டும் சத்தமா வாசிக்கா."

"நான் என்ன செய்யணும்?"

"யாரு புடிச்சிருந்தாலும் அவரு வந்திருக்க மாட்டாருன்னு சொல்லணும். எழுதுனவுக சொன்னா கேப்பா."

எத்தனையோ பேர் வந்து கதையின் முடிவை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இவரைப் போல யாரும் கேட்டதில்லை.

அவளை உள்ளே கூப்பிட்டேன். மாமன் பக்கத்தில் இடம் இருந்தும் கதவோரமாகவே நின்றாள். கையில் என் புத்தகம், அட்டை கிழிந்து தொங்கியது.

"எனக்கு அவள ரொம்பப் பிடிக்கும் டீச்சர்," என்றாள். "அவ தூங்கல."

நான் பேசத் தொடங்கினேன். நான் கடலுக்குள் போனதே இல்லை என்றேன். வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது என்றேன். கீழே மூச்சு நின்றுபோன ஆளைக் கயிறு என்ன செய்யும், யார் பிடித்திருந்தாலும் நடக்காது, கதை என்பதால் பிழைக்க வைத்தேன் என்றேன். அவள் கண்ணைக்கூட இமைக்காமல் கேட்டாள்.

"அப்போ அவ அப்பாவும் வரலையா டீச்சர்?"

அந்தப் பெண்ணை எழுதிய காலமெல்லாம் அவளோடுதான் சாப்பிட்டேன், அவளோடுதான் தூங்கினேன். பெற்ற பிள்ளையை என் வாயாலேயே அநாதையாக்க வேண்டியிருந்தது.

"வரல," என்றேன்.

புத்தகத்தை நாற்காலியில் வைத்தாள். மெதுவாக நடந்துபோய் மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட இவள் அழவில்லை என்று அவர் சொன்னார். அவர் அவள் தலையைத் தடவியபடியே இருந்தார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கிளம்பிப் போனவர், மறந்து வைத்துவிட்ட ஹெல்மெட்டை எடுக்கத் தனியாகத் திரும்பி வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"அவ நம்பிட்டா டீச்சர், அது போதும்," என்றார். "ஆனா அன்னைக்கு எங்க வள்ளத்துல ஒங்க பிள்ள இருந்திருந்தா, எங்க மச்சான் வந்திருப்பாரு."