தரகர் வைத்த கெடு

எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணூரில் விலைக்கு வந்த ஓர் ஓட்டு வீட்டை நான் குறைத்துக் கேட்டேன். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இன்னொரு பார்ட்டி ரெடியா கீது," என்று தரகர் கெடு வைத்தார். முன்பணம் கொடுக்கும்வரை வெளியே சொன்னால் கண் படும் என்று, கூடப்பிறந்தவனிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

அவர் சொன்ன விலைக்கே ஒத்துக்கொள்ள மறுநாள் ஓடினேன். தரகர் வீட்டு வாசலில் என் தம்பி சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"நீ இன்னாடா இங்க?"

"மண்ணூர் வூட்டுக்குண்ணா. சாயங்காலம் வரைக்கும்தான் டைமாம். வேற பார்ட்டி கீதாம்."

உள்ளே போய்த் தரகரின் சட்டையைப் பிடித்தேன்.

"நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லைதான். அந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. யார் கண் பட்டுவிடும் என்று பயந்தேன்? என் தம்பி கண்ணா?