பதக்கம் சேர்க்கச் சொல்லி ஒரு பெட்டிசம்

பெட்டிசம், அதாவது மனு, அடிப்பவனிடம் சந்தோசமான ஆள் ஒருவரும் வருவதில்லை. ரைப்ரைட்டருக்கு முன்னால் இருந்து பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களுக்கே தெரியும்: காணி எல்லை, இடமாற்றம், பென்சன் என்று ஊரின் மனக்குறை முழுவதும் நம் விரல் நுனியால்தான் இறங்கிப் போகவேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்து அறையில் நான் இந்தத் தொழிலைச் செய்தேன். அந்தக் காலத்தில் என்னை நிம்மதியாக இருக்கவிடாமல் ஆட்டிப்படைத்தவர் அருளம்பலம் அண்ணை.

பெயர் வெட்டாத பதக்கம்

அண்ணை வடக்குக் கரையில் கடலோடிகள் குடும்பம். துறைமுக வேலைக்கென்று கொழும்புக்குப் போன இடத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து, வட ஆபிரிக்காவில் கப்பலில் சாமான் இறக்கியும் மணலில் ரோட்டுப் போட்டும் திரும்பியவர். கதிரையைக் காட்டினால் இருக்கமாட்டார். நின்றபடியே மடியிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து என் மேசையில் விரித்தார். உள்ளே மூன்று பதக்கங்கள்.

படையிலிருந்து விலகியபின் தபாலில் வந்தவையாம். ஆனால் விலகும்போது கொடுத்த சேவைப் பத்திரத்தில் பதக்கம் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. கார்த்திகை மாதம் யாழ்ப்பாணத்தில் போரில் செத்தவர்களை நினைத்துப் பழைய படையாட்கள் வரிசையில் நிற்கும் நாளுக்கு இவற்றைக் குத்திக்கொண்டு போயிருக்கிறார். பத்திரத்தில் இல்லாததைக் குத்தக்கூடாது என்று அங்கே கழட்டச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்தால், தேத்தண்ணிக் கடையில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், "உது கொழும்பிலை கடையிலையும் விக்குதாம்" என்றாராம், எல்லாருக்கும் கேட்க.

நான் ஒரு பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெயரோ இலக்கமோ இல்லை. அண்ணை அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "பேர் வெட்டாத சாமானை எவனும் தன்ரை எண்டு சொல்லலாம் தம்பி. என்னைப் பாத்து, உன்ரை இல்லை எண்டும் எவனும் சொல்லலாம்."

நடந்துகொண்டே சொன்ன கதை

பெட்டிசம் போகவேண்டிய கொழும்புக் கந்தோருக்கு வேண்டியது படை இலக்கம், படையில் எந்தக் கொம்பனி, இருந்த இடம். அண்ணை சொன்னதோ மணல் புயல், தண்ணீர் வண்டி கவிழ்ந்தது, துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது மாச்சாக்குக்குக் கீழே படுத்தது. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தபடி சொன்னார். அவர் வாசலுக்குப் போகும்போது சொன்னது எனக்குக் கேட்காது; திரும்பி வரும்போது அடுத்த கதை தொடங்கியிருக்கும். கடதாசியைக் கழற்றிக் கழற்றிப் போட்டு, கடைசியில் அரைப் பக்கத்தில் முடித்து வாசித்துக் காட்டினேன்.

முகம் சுருங்கிப்போயிற்று. "எல்லாம் சரி தம்பி. ஆனா இதிலை நான் பயந்தது ஒண்டும் வரேல்லையே?"

தபால்காரரின் ஒழுங்கை

பெட்டிசம் போனது. இனிப் பொறுத்திருக்கவேண்டும் என்று சொன்னேன். பொறுத்திருப்பது அண்ணையால் ஆகிற காரியமா? காலையில் தபால் கந்தோர் வாசல், பிறகு என் அறை, பிறகு சந்தி. சைக்கிள் மணி கேட்டால் போதும், பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு ரோட்டுக்குப் பாய்வார். நானும் கெட்டுப்போனேன். வேறு யாருடையவோ காணி வழக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதும் காது மணிச் சத்தத்திலேயே இருக்கும்.

தபால்காரர் ஊர்ச் சந்தியைத் தவிர்த்து, பனங்காணிக்குள் ஓடும் குறுக்கு ஒழுங்கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். ஒருநாள் வியர்க்க விறுவிறுக்க என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "ஐயா, அந்த மனிசனுக்குக் கடிதம் வாறமாதிரித் தெரியேல்லை. எனக்கு இடமாற்றம் கேட்டு ஒரு பெட்டிசம் அடிச்சுத் தாங்கோ."

பேக்கரிக்காரர் வாசித்தது

வந்தது. கொழும்பிலிருந்து கடிதம், முழுக்கச் சிங்களத்தில். ஆங்கிலத்தில் போட்ட பெட்டிசத்துக்கு அப்போதெல்லாம் இப்படித்தான் மறுமொழி வரும். அண்ணைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பின்பக்கம் இருந்த பேக்கரிக்கு ஓடினோம். அங்கே ரொட்டி சுடும் போறணைக்கு முன்னால் நின்ற, காலிப் பக்கத்துச் சிங்கள மனிதர் மாக்கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். மெல்ல வாசித்தார், திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். அண்ணை அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். ஒரு சூடான பணிசை அண்ணையின் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதிலே ஒண்டும் இல்லை மாத்தயா. லண்டனுக்கு அனுப்பியிருக்கு, இருங்கோ எண்டு சொல்லுது. இருங்கோ, சாப்பிடுங்கோ."

போகாத நாடு

மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்தபின்தான் லண்டன் கடிதம் வந்தது. திருத்திய பத்திரத்தில் மூன்று பதக்கமும் ஏறியிருந்தன. கூடவே நாலாவதாக ஒன்று: இத்தாலியில் சண்டைக்குப் போனவர்களுக்குக் கொடுக்கும் இத்தாலி நட்சத்திரம். நான் உரத்து வாசித்ததைக் கேட்டுத் தேத்தண்ணிக் கடையே எழும்பி வந்தது. ஸ்டேசன் மாஸ்டர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இத்தாலியுமோ!" என்றார்.

அண்ணை கையை இழுத்துக்கொண்டார். "நான் இத்தாலிக்குப் போகேல்லை" என்றார். கொம்பனி இத்தாலிக்குக் கப்பல் ஏறும்போது அவர் வயிற்றோட்டத்தோடு எகிப்தில் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தவராம். அதே கொம்பனியில் கொடிகாமத்து ஆள் ஒருவர், அவரும் அருளம்பலம். இவரைப் பெரியவன், அவரைச் சின்னவன் என்று கூப்பிடுவார்களாம். சின்னவனுக்கு எழுதவேண்டியதை இவர் பெயரில் எழுதிவிட்டார்கள்.

"அதைக் கழட்டச் சொல்லி அடியும் தம்பி" என்றார். கிடைத்ததை வைத்துக்கொள்ளுங்கள், கழட்டச் சொன்னால் நாலையும் கழட்டிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். ஸ்டேசன் மாஸ்டரும் அதையே சொன்னார். அண்ணை அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "போகாத இடத்தைக் குத்திக்கொண்டு நிண்டா, போன இடத்தை ஆர் நம்புவினம்?"

கொடிகாமம் சந்தையில்

முதலில் சின்னவரைக் கண்டுபிடிக்கவேண்டும் என்றார். அடுத்த சந்தை நாளிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சின்னவர் கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார், பக்கத்தில் மனைவி. அண்ணையைக் கண்டதும் கையிலிருந்த தேங்காயை அப்படியே போட்டுவிட்டு எழும்பினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அண்ணை "இத்தாலி" என்று வாயெடுத்ததுதான் தாமதம், சின்னவர் எங்களை இழுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார்.

"அண்ணை, அந்தப் பேரை இவளுக்குக் கேக்கச் சொல்லாதையுங்கோ. இவளின்ரை தமையன் கந்தையா அங்கை எனக்குப் பக்கத்திலை நிண்டுதான் குண்டுபட்டவன். தூக்கக்கூட ஒண்டும் மிஞ்சேல்லை. எகிப்திலையே காய்ச்சல் வந்து, கட்டிலிலை படுத்தபடி கண்ணை மூடினவன், நாங்கள் இத்தாலிக்குப் போகேல்லை எண்டுதான் நான் வந்து சொன்னது. பிறகுதான் இவளைக் கட்டினன்."

கந்தையாவின் முடிவு அண்ணைக்கும் தெரியாது. "கடைசியாய் ஆசுப்பத்திரிக்கு வந்து என்ரை போத்தல் தண்ணியைக் குடிச்சிட்டுப் போனவன்" என்றார். "நானும் ஏறியிருந்தா..." தேங்காய்க் குவியலில் கையை ஊன்றி அதன்மேலேயே இருந்துவிட்டார். அவர் ஓரிடத்தில் குந்தி இருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

நட்சத்திரத்தைச் சின்னவருக்கு மாற்றச் சொல்லும் பெட்டிசம் வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். சின்னவர் தன் மனைவி இருந்த பக்கம் பார்த்தார். "எழுதுங்கோ. போனது போனதுதானே. ஆனா மறுமொழியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லாதையுங்கோ, கடை விலாசத்துக்குப் போடச் சொல்லுங்கோ."

கார்த்திகை மாதத்து வரிசை

இரண்டு பெட்டிசத்தையும் ஒரே உறையில் போட்டேன். இதிலிருந்து கழட்டு, அதிலே சேர். இனி நாலும் போய்விடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகவில்லை. அண்ணையின் பத்திரம் மூன்றோடு வந்தது. கொடிகாமத்துக் கடைக்கு நட்சத்திரத்தோடு ஒரு சின்னப் பெட்டி போனது.

அந்தக் கார்த்திகையில் யாழ்ப்பாணத்துக்கு நானும் போனேன். அண்ணை மூன்றையும் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணையின் கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது. தொடங்கப்போகும் நேரத்தில் சின்னவர் வந்தார். வெறும் வெள்ளைச் சட்டை. வரிசைக்கு வெளியே, மதிலோரம் நின்றுகொண்டு சட்டைப் பையைக் கையால் பொத்தினார். "கொண்டுவந்தனான் அண்ணை. வீட்டிலை இவளுக்கு இன்னும் சொல்லேல்லை. சொல்லாமல் எப்பிடிக் குத்திறது?"

அண்ணை வரிசையைக் குலைத்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தார். "குத்தாட்டிப் பரவாயில்லை. கந்தையா நிக்கவேண்டிய இடம் எண்டு நினைச்சு என்ரை பக்கத்திலை வந்து நில்லடா."

படைக்குப் போகாமலே இவ்வளவு அலைந்த நம்மைப்போன்ற பெட்டிசக்காரர்களுக்கும் ஒரு நட்சத்திரம் உண்டென்று லண்டன்காரன் என்றைக்காவது சொன்னால், அதைப் பத்திரத்தில் ஏற்றச் சொல்லி நமக்கு நாமேதான் பெட்டிசம் அடிக்கவேண்டியிருக்கும்.