பால்புட்டி அக்காவின் சாக்பீஸ் கோடுகள்

எங்கள் கால்நடை ஆய்வகத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் ஒரு பால் பண்ணை. அங்கே பிறக்கும் கன்றுகளுக்கெல்லாம் முதல் பால் புகட்டுகிறவரைப் பால்புட்டி அக்கா என்பார்கள். ரப்பர் காம்பு மாட்டிய இரண்டு லிட்டர் புட்டி இல்லாமல் அவரைப் பார்த்தவர் குறைவு. ஐம்பத்தைந்து வயது, குட்டை உருவம், குரல் மட்டும் கொட்டகையின் அந்தக் கோடிவரை கேட்கும். குடிக்க அடம்பிடிக்கும் கன்றை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, "உங்கம்மாகிட்ட சொல்லிக் குடுக்கட்டுமா?" என்று மிரட்டுவார். கன்றும் குடித்துவிடும். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். போயிற்றா என்று ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றி, மேலே தெளியும் நீரில் ஒரு சொட்டைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு ஓர் எண்ணில் நிற்கும். அதுதான் புரத அளவு. ஐந்தரை என்றால் நிம்மதி. ஐந்துக்குக் கீழே என்றால் பால் போதவில்லை, அல்லது தாமதமாகப் போனது, அல்லது பாலிலேயே சத்தில்லை. இத்தனை 'அல்லது' உண்டென்று எனக்கும் தெரியும்.

ஒருநாள் நான்கு கன்றுகளின் ரத்தம் வந்தது. நான்கும் நாலரையிலேயே நின்றன. போனில் சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷத்தனமாகப் பண்ணைக்கே கிளம்பிப் போனேன். முதலாளி, கறவைக்காரர்கள், அக்கா எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள்.

"சீம்பால் உள்ளயே போகல சார். புகட்டுறவங்களக் கேளுங்க," என்றேன்.

அக்கா புட்டியைக் கீழே வைத்தார். "நான் குடுத்தேன் தம்பி. நாலுக்கும் குடுத்தேன்."

"ரத்தம் பொய் சொல்லாதுக்கா."

அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. முதலாளி கத்தவில்லை. "வயசாயிடுச்சு, மறந்திருப்பீங்க. இனிமே வீட்டுல ரெஸ்ட் எடுங்க," என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாய், இரண்டு ஆடுகள், ஒரு குதிரை, எல்லாவற்றுக்கும் புரதம் குறைவாகவே வந்தது. உலகத்து மிருகமெல்லாம் சேர்ந்து பட்டினி கிடக்கிறதா என்ன? கண்ணாடியில் வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டுப் பார்த்தேன். பூச்சியத்தில் நிற்க வேண்டிய கோடு அதற்கு ஓர் அளவு கீழே நின்றது. நாலரையோடு அந்த ஒன்றைக் கூட்டினால் ஐந்தரை. நான்கு கன்றுகளும் வயிறாரக் குடித்திருந்தன.

தினமும் காலையில் தண்ணீர் விட்டுச் சரிபார்த்து, நோட்டில் 'சரி' என்று எழுத வேண்டும். நான் எழுதினேன், தண்ணீர்தான் விடவில்லை. அந்தக் கன்றுகளின் ரத்தம் வருவதற்கு முந்தின வாரம் கருவி கைதவறிக் கழுவும் தொட்டியில் விழுந்தபோதுகூடத் துடைத்து வைத்துவிட்டு 'சரி' என்றே எழுதினேன். வெட்கக்கேடு. அதைவிடக் கேவலம், திருகாணியைத் திருப்பிக் கோட்டை நேராக்கிவிட்டு இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது.

மூன்றாம் நாள் அக்காவே ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த மிஷின்ல என் ரத்தத்தையும் பாக்க முடியுமா? மறதி இருந்தா தெரியுமா?"

"எதுக்குக்கா?"

"என் பொண்ணு இப்பல்லாம் கைக்குழந்தைய என்கிட்ட விட்டுட்டுப் போறதில்ல. பால் குடுக்க மறந்துடுவேனோன்னு பயப்படுறா. அவ பயப்படுறதுல தப்பில்ல. எனக்கு என்னவோ குடுத்த மாதிரிதான் ஞாபகம்... எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. நோட்டு, தொட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அப்ப நான் குடுத்தேன்ல?"

"குடுத்தீங்கக்கா. நாலுக்கும் குடுத்தீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் கோபம் வந்தது. "இத ஏன் என்கிட்ட ரகசியமா சொல்ற? அன்னிக்கு எல்லாரையும் வெச்சுக்கிட்டுதானே சொன்ன? அதே எடத்துக்கு வா. என் பொண்ணையும் கூட்டிட்டு வரேன்."

போனேன். அதே கொட்டகையில், அதே ஆட்களுக்கு முன்னால், நோட்டை விரித்துக் காட்டினேன். ஒரு கறவைக்காரர் சிரித்தேவிட்டார். மகள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். நான் கூனிக் குறுகி நின்றேன்.

அக்கா வேலைக்குத் திரும்பி ஆறு மாதமாகிறது. போன வாரம் ரத்தம் எடுக்கப் போனபோது, கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கன்றின் எண்ணுக்கு நேராகவும் சாக்பீஸ் கோடுகள் இருந்தன. பத்தொன்பது வருடமாக இல்லாத பழக்கம். ஒரு கன்றுக்குப் புகட்டி முடித்ததும் அக்கா ஒரு கோடு போட்டார். அப்புறமும் நகரவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுப் புட்டியை எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, காலியாத்தானே இருக்கு?"

"காலிதான்க்கா," என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த கன்றிடம் போனார்.