ஆகாத நாளில் ஒளிர்ந்த ஈரல்

அறுபத்தொன்பதாவது வயதில் கினுயோ தக்கிமோட்டோவின் கல்லீரலில் இரண்டாவது முறையாகக் கட்டி வந்தது.

ஒசாகா கடைத்தெருவில் ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்பவர் அவர். பிரசவத்தில் ஏற்றிய ரத்தத்தோடு மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளே போயிருந்தது. பிற்பாடு மாத்திரை அதைக் கொன்றது. ஆனால் அதற்குள் ஈரல் கெட்டிப்பட்டுவிட்டது. அந்த ஈரலில் தாராளமாக வெட்டியெடுக்க முடியாது. கட்டியை மட்டும் எடுக்க வேண்டும். ஒன்றையும் விடவும் கூடாது.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஈரல் வேலை செய்யும் வேகத்தை அளக்க, ஒரு பச்சைச் சாயத்தை நரம்பில் ஏற்றுவார்கள். ஈரல் அதைச் சில நாளில் பித்தத்தோடு கழித்துவிடும். புற்றுக்கட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். அறுவை மேசையில் அகச்சிவப்புக் கேமராவைக் காட்டினால் கட்டி ஒளிரும்.

அறுவை சிகிச்சை வியாழக்கிழமை. காலண்டரில் அது தைஆன், மிக நல்ல நாள். கினுயோவுக்குத் திருப்தி. ஆனால் சாயம் ஏற்றக் குறித்த முந்தைய வியாழன் புட்சுமெட்சு, எதற்கும் ஆகாத நாள். காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு போன் செய்தார். செவ்வாய் பிற்பகலுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். காலண்டர்படி அன்று காலை ஆகாது, பிற்பகல் நல்லது.

மாநாட்டுக்குப் போயிருந்த அறுவை மருத்துவர் ஹனேடா புதன்கிழமை திரும்பி வந்து, நேராக வார்டில் கினுயோவின் கட்டிலருகே போய் நின்றார்.

"காய்ச்சல்னு சொன்னீங்களாமே?"

"லேசாத்தான்."

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டர். அன்னைக்கு புட்சுமெட்சு, அதான்," என்றாள் மகள் மிசுஸு.

"நீ யார் பக்கம்டி?"

"உன் ஈரல் பக்கம்."

ஹனேடா சிரிக்கவில்லை. "நேத்துதான் சாயம் ஏத்தியிருக்கு. உங்க ஈரல் மெதுவாத்தான் கழிக்கும். நாளைக்குக் கேமராவை வச்சா மொத்த ஈரலும் டோட்டோன்போரிக் கடைத்தெரு விளக்கு மாதிரி ஜொலிக்கும். ஸ்கேன்ல கட்டிக்குப் பக்கத்துல ஒரு நிழல் இருக்கு. அதுவும் கட்டியா, வெறும் தழும்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இப்ப என்ன பண்றது?"

"நாளைக்கே செய்யலாம், அந்த வெளிச்சம் இல்லாம. இல்லேன்னா வர்ற செவ்வாய்க்கிழமை ஒரு இடம் காலியா இருக்கு, அதுக்குள்ள ஈரல் சாயத்தைக் கழிச்சிடும்."

மிசுஸு போனில் காலண்டரைத் தேடினாள். "அம்மா, செவ்வாய்க்கிழமை..."

"தெரியும். புட்சுமெட்சு."

கடை திறந்ததும் மகள் கல்யாணமும் அந்தக் காலண்டர்படிதான். கணவரைக்கூட நல்ல நாளுக்காக ஆஸ்பத்திரியில் கூடுதலாக வைத்திருந்துதான் வீட்டுக்கு அழைத்துப் போனார். இப்போது ஹனேடா பக்கம் திரும்பினார்.

"டாக்டர் தம்பி, அன்னைக்குக் கல்யாண மண்டபமே பாதி வாடகைக்குக் கிடைக்கும். உங்க மேசைக்குத் தள்ளுபடி உண்டா?"

"நான் டோக்கியோக்காரன். பேரம் பேச வராது."

"முகத்திலேயே எழுதியிருக்கு. செவ்வாய்க்கிழமையே வைங்க. அந்த நிழல் என்னன்னு பார்த்துட்டுத்தான் தையல் போடணும்."

செவ்வாய்க்கிழமை திரையில் ஈரல் இருண்டு கிடக்க, மூன்று இடங்கள் ஒளிர்ந்தன. ஒன்று தெரிந்த கட்டி. நிழல் இருந்த இடத்தில் கொண்டைக்கடலை அளவில் இன்னொன்று. மூன்றாவது மங்கல். கெட்ட ஈரலில் சாதாரண முடிச்சும் மின்னும் என்பதால் அதில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிக் காத்திருந்தார்கள். புற்று இல்லை என்று பதில் வந்தது. முதல் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றை மூடினார்கள்.

கண் விழித்ததும் கினுயோ கேட்டார்: "நிழல்?"

"கட்டிதான்மா. எடுத்தாச்சு," என்றாள் மிசுஸு.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில் மிசுஸு பழக்கத்தில் போனைத் திறந்தாள்.

"காலண்டர் வேண்டாம், பையை எடு," என்றார் கினுயோ.

அடுத்த ஸ்கேன் பிப்ரவரியில். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.