குதிரையின் இதயத்தில் ஒரு பிடி சோறு

அப்பா பம்பாயில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பியூன். அங்கே வகுப்பறையை ஒட்டிய கூடத்தில் ஒரு குதிரை நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்ததாம். காகிதக் கூழில் செய்து வண்ணம் பூசியது. கொக்கியைக் கழற்றினால் வயிறு திறக்கும். ஈரல், குடல், இதயம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மாணவர்களுக்குக் காட்டுவார்கள்.

அறுபதுகளில் ஒரு ஜூலை மாதம், கூரை ஒழுகிக் குதிரைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காயவைக்க அப்பா நனைந்த உறுப்புகளைக் கோணிப்பையில் கட்டி, லோக்கல் ரயிலில் செம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு துண்டு குறைந்தாலும் வேலை போய்விடும் என்று ஹெட் கிளார்க் சொல்லி அனுப்பியிருந்தார்.

"வீட்டுக்குள்ள காலு வைக்க எடமில்ல. இதுல குதிரக் கொடல வேற எங்கன போட?" என்றாள் அம்மா. சொன்னவள்தான் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டாள். மூன்று நாள் ஈரலுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எனக்கு எட்டு வயது. இதயம் காய்ந்ததும், பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணுக்குக் காட்ட எடுத்துப் போனேன். அவள் பிடுங்கினாள், நான் இழுத்தேன். ஒரு மூலை பிய்ந்து சாக்கடையோடு போய்விட்டது. அழ நேரமில்லை. சோற்றைப் பிசைந்து, நோட்டுத் தாளைக் கிழித்துச் சேர்த்து, பள்ளத்தை அடைத்தேன். என் கை கொஞ்சம் தாராளம், பள்ளம் மேடாகிவிட்டது.

மறுநாள் அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, இது யாரு பாத்த வேல?"

"சோத்துப் பசைப்பா. நல்லா ஒட்டிட்டு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் சிவப்புப் பெயின்ட் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மழையால் என் பள்ளிக்கு விடுமுறை. அப்பா என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். வகுப்பில் புரொபசர் இதயத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்த மேட்டில் அவர் கண் நின்றது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று மாணவர்களைக் கேட்டார்.

வீக்கம் என்றான் ஒருவன் இந்தியில்.

"ஷாபாஷ்!" என்றார் புரொபசர். இத்தனை வருஷம் தானே இதைக் கவனிக்கவில்லை என்று வியந்தார். அத்தனை பேரும் குனிந்து அதை நோட்டில் வரைந்தார்கள்.

எங்கள் வீட்டுச் சோறு அது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதவோரம் நின்ற அப்பா என் கையைப் பிடித்து இறுக்கினார். அவர் கை வியர்த்துச் சில்லென்று இருந்தது. என்னை மெச்சித்தான் அழுத்துகிறார் என்று எண்ணி, நானும் பதிலுக்கு அழுத்தினேன்.