ஆள் விட்டுச் சொல்பவர்

நியூசிலாந்தின் ஹென்டர்சனில் நாற்காலிப் பட்டறை நடத்திய அந்த யாழ்ப்பாணத்து முதலாளி, மரத்தூளுக்கு நடுவிலும் தேய்த்த வெள்ளைச் சட்டையோடுதான் இருப்பார். எதையும் யாரிடமும் நேரில் சொல்லமாட்டார். ஆள் விட்டே சொல்லுவார். அங்கே நான் எழுத்தராக இருந்தேன்.

1991 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை என்னை அழைத்தார். வார்னிஷ் பூசும் மலேசியத் தமிழர் அந்த வாரம் முழுக்க அரை மணி நேரம் பிந்தி வந்திருந்தார்.

“திங்கள் தொடக்கம் வரவேண்டாமெண்டு அவரிட்டச் சொல்லிவிடும்.”

“அண்ணை, அப்பிடி நிப்பாட்டேலாது. காரணம் சொல்லி, அவர் சொல்லுறதையும் கேக்கவேணும். இல்லாட்டி வழக்குப் போடுவார்.”

“புது வேலைச் சட்டம் முதலாளிமாருக்குச் சாதகமெண்டெல்லோ கதைச்சவை? அவர் யூனியனிலயும் இல்லையே.”

“அந்தச் சட்டம் வந்த மே பதினைஞ்சிலயிருந்து யூனியனில இல்லாத ஆளும் வழக்குப் போடலாம், அண்ணை.”

நேரில் பேசவேண்டுமே என்று முதலாளிக்கு வியர்த்துவிட்டது. தொழிலாளியை உள்ளே வரச்சொல்லி, மேசையைப் பார்த்தபடியே கேட்டார். “ஏன் பிந்தி வாறீர்? இப்பிடியெண்டால் உம்மை வேலையில வச்சிருக்கேலாது.”

தொழிலாளி திகைத்தார். “பாஸ், ஏழரைக்கு வந்தா போதும்னு நீங்கதானே உங்க மச்சான்கிட்ட சொல்லி அனுப்புனீங்க?”

“அது... பெட்டி கட்டுற ஆக்களுக்குச் சொன்னது.”

மச்சான் ஆள் மாறிச் சொல்லியிருக்கிறார். பிறகு முதலாளி, “போய் வேலையைப் பாரும்” என்றார்.

திங்கள் காலை முதலாளி வாசலில் நின்று, ஒவ்வொருவருக்கும் வேலை நேரத்தைத் தானே சொன்னார். அந்த நேரப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்தான். இருந்தும் எனக்கும் முகம் பார்த்துச் சொன்னார்.