முதலில் கை தூக்கியவர்

நேசமணிக்கு நேந்திரம்பழம் காய்க்கும் ஏத்தன்வாழை தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். கொல்லயில் கிராமத்தில் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த வயல். குலை முற்றினால் வியாபாரி பொன்னப்பன் வந்து, பெரிசு சிறிசு பாராமல் மொத்தமாக வெட்டிக்கொண்டு போவார். விலை என்னவோ குறைவுதான். அந்தக் குறைந்த விலையில்தான் மகள் ரெஜிலா பி.காம். முடித்தாள். முடித்தவள் வீட்டில் இருந்தாள். ‘மகளுக்கு ஜோலி ஆச்சா?’ என்று கேட்பவர்களுக்குப் பயந்து, நேசமணி சபையில் ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறப் பழகியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரச் சாயிப்பு வந்தார். தன் நாட்டில் கடைகள் நடத்தி ஓய்வு பெற்றவர். கிராமத்து விவசாயிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. சம்பளம் கிடையாது, டிக்கெட்டே சொந்தக் காசு. நல்ல மனிதர். அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசு ஆறியிருக்கும்.

சபை ஹாலில் வகுப்பு. சாயிப்பு சொல்வதை மொழிபெயர்க்க ரெஜிலா. அவளுக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் வேலை நன்றாக நடந்தால் திருவனந்தபுரம் ஆபீசில் ஓர் இடம் உண்டு என்று நிறுவனத்தார் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வீடே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

இடைத்தரகர் வேண்டாம், நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுங்கள் என்றார் சாயிப்பு. முதலில் யார் தொடங்குவது? ரெஜிலா கேட்டாள். டீக்கும் வடைக்கும் காத்திருந்த கூட்டம் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் கேட்டாள். அப்போதும் ஒரு கையும் எழவில்லை. நேசமணி கை தூக்கினார்.

“பொன்னப்பன பகைச்சிட்டு நாளைக்கு எங்க போயி நிப்பிய?” என்று வீட்டில் மனைவி ராஜபாய் கேட்டாள்.

“எனக்க பிள்ள நின்னு கேக்குதா. ஒருத்தனும் மிண்டல்ல. நான் என்ன செய்ய?”

நெய்யாற்றின்கரை சூப்பர் மார்க்கெட்டில் முதல் இரண்டு லோடுக்கு ராஜ மரியாதை. சாயிப்பு கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு, ஒரே அளவில் உள்ள சீப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பிறகு அதுவும் வேண்டாம், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் மலிவாக வருகிறது என்றார்கள். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. குலைகள் வாழையிலேயே பழுக்கத் தொடங்கின.

உதியன்குளங்கரையில் இருந்த பொன்னப்பனின் குடோனுக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார் நேசமணி. பொன்னப்பன் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“நடுவுல நிக்கப்பட்டவன் வேண்டாம்னு தானே அண்ணன் கை பொக்கினிய? பின்ன என்னைய நடுவுல விளிக்கியது சரியா?”

டீயைக் குடித்துவிட்டு நேசமணி எழுந்து வந்தார். பாதிக் குலையை அணிலும் வவ்வாலும் தின்றன, மீதி அழுகியது. பாட்டப் பணம் கொடுக்க முடியாமல் வயலும் கைவிட்டுப் போயிற்று. கடைசியில் அதே குடோனில் குலை சுமக்க வேலை கேட்டார். பொன்னப்பன் உடனே கொடுத்தார். மறுத்திருந்தாலாவது கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

ஒருநாள் நிறுவனத்திலிருந்து ரெஜிலாவுக்குச் செய்தி வந்தது. முதலில் துணிந்த அந்த விவசாயி தன் குலைகளோடு நிற்கும் போட்டோ வேண்டும், ஆண்டு மலரில் போட. அவள் அதை அப்பாவிடம் சொல்லாமல் இருந்தாள். அம்மா சொல்லிவிட்டாள்.

“அனுப்பினா உனக்க ஜோலிக் காரியம் பேசுவாங்களா?” என்று கேட்டார் நேசமணி.

“பேசுவாங்களாட்டு இருக்கும்.”

“அப்போ குடோனுக்கு வா. அங்க குலை உண்டு.”

பண்டிகைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொன்னப்பனின் குலைகளுக்கு முன்னால் போய் நின்றார். மறைத்து நின்ற லாரியைப் பொன்னப்பனே தள்ளி நிறுத்தச் சொன்னார். ரெஜிலா போனைத் தூக்கிப் பிடித்தாள். அவள் வருத்தப்படக்கூடாது என்று நேசமணி பல் தெரியச் சிரித்தார். அப்படிச் சிரித்து வருஷமாகியிருந்தது. பார்த்தால் யாராக இருந்தாலும் நம்புவார்கள்.

அவர்களும் நம்பினார்கள். பதில் அதே வாரம் வந்தது. ரெஜிலா அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“என்ன சொல்லுதாங்க மக்களே?” என்று மகளைக் கேட்டார் நேசமணி.

“நம்ம ஊரு இப்போ சொந்தக் காலுல நிக்குதாம். படத்தப் பாத்து எல்லாருக்கும் பெரிய சந்தோஷமாம். இனி இங்க அவங்களுக்கு வேலை இல்லியாம், வேற நாட்டுக்குப் போறாங்களாம். ஆபீஸ்ல புதுசா ஆளு எடுக்கல்லியாம்.”

நேசமணி போனை நிமிர்த்தித் தன் படத்தைப் பார்த்தார்.

“நான் சிரிச்சிருக்கப்பிடாது, மக்களே” என்றார்.